நடையை எண்ணி வீடு வரைதல்: வாசகர் கேள்வி–பதில்

ஆட்கள் அன்றாடம் எந்த வழியால் நடக்கிறார்கள், எத்தனை தடவை நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணி, அந்தக் கணக்கிலிருந்து வீட்டையும் படிக்கட்டையும் பொதுக் கட்டடத்தையும் வரைவது பற்றி மலையக வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி: 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கட்டப்போகிறோம். மேசன் பாஸ் ஒரு பிளான் தந்திருக்கிறார். படவரைஞர் படிப்புப் படிக்கும் என் மகள், "நாம் வீட்டுக்குள் நடப்பதை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பிளானை ஒப்புக்கொள்ள வேண்டும்" என்கிறாள். இப்போதிருக்கும் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசைவீட்டு அறையில்) நடப்பதை எழுதிப் புது வீட்டுக்கு என்ன பயன்?

பயன் உண்டு. காம்பராவின் நீள அகலம் புது வீட்டுக்கு உதவாது. ஆனால் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, நாளில் எத்தனை தடவை என்ற கணக்கு அப்படியே உதவும். சுவர் மாறினாலும் சோறு வடிக்கும் கை மாறப்போவதில்லை.

எட்டு இடங்களைத் தெரிவு செய்யுங்கள்: அடுப்பு, தண்ணீர், விறகு, சாமி மாடம், துணி காயும் இடம், படுக்கை, கக்கூஸ், இஸ்தோப்பு (முன் திண்ணை). எட்டு இடத்துக்கு 28 சோடிகள் வரும். கொப்பித் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு போக்குக்கும் உரிய கட்டத்தில் ஒரு கோடு கீறுங்கள். காலை 4.30 முதல் 7 வரை, பின்னேரம் 4.30 முதல் 9 வரை எழுதினால் போதும். நடுச்சாமத்தில் கக்கூசுக்குப் போனதை மட்டும் மறுநாள் காலையில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்; எல்லாக் கணக்கிலும் தவறிப்போவது அதுதான், பிளானில் மிக மோசமாகப் பழிவாங்குவதும் அதுதான். நான்கு நாள் எழுதுங்கள். ஒன்று ஞாயிறாகவும் ஒன்று நல்ல மழை நாளாகவும் இருக்கட்டும். முதல் நாள் தாளைக் கிழித்துப் போடுங்கள்: யாரோ எழுதுகிறார்கள் என்று தெரிந்தால் வீட்டில் எல்லோரும் ஒழுங்காக நடப்பார்கள்.

அடுத்தது பாஸின் பிளான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை 1:20 அளவில் வரையுங்கள். தாளில் 5 செ.மீ. என்றால் வீட்டில் ஒரு மீற்றர். 550 சதுர அடி சுமார் 51 சதுர மீற்றர், அதாவது 6 × 8.5 மீற்றர் வீடு 30 × 42.5 செ.மீ. தாளில் வந்துவிடும். தாளை அட்டையில் ஒட்டி, எட்டு இடங்களிலும் குண்டூசி குத்தி, ஒவ்வொரு சோடிக்கும் நூலைக் கதவுகளின் ஊடாகக் கொண்டுபோய் அளந்து, 20ஆல் பெருக்கினால் உண்மைத் தூரம். அதை எண்ணிக்கையால் பெருக்குங்கள். உதாரணமாக, அடுப்புக்கும் தண்ணீருக்கும் இடையில் 31 போக்கு என்று வைத்துக்கொள்வோம். பிளானில் குழாய் பின்சுவருக்கு வெளியே 4.5 மீற்றரில் இருந்தால் 139.5 மீற்றர், சிங்க்கை உள்ளே கொண்டுவந்து 1.5 மீற்றரில் வைத்தால் 46.5 மீற்றர். 28 சோடிகளையும் இப்படிப் பெருக்கி வரிசைப்படுத்தி, மேலே வரும் ஐந்தை மட்டும் பாஸோடு பேசுங்கள். மீதியைத் திருத்தப் போனால் பிளான் குழம்பும், லாபம் சில மீற்றர்தான்.

பிழை வரும் இடங்கள் இரண்டு. நூல் சுவரைத் தாண்டிப் போவது ஒன்று. மற்றது உயரம். சரிவுக் காணியில் மண் வெட்டும் செலவைக் குறைக்கக் குசினியை 3 அடி கீழே இறக்குவார்கள். பிளானில் அந்த இறக்கம் தெரியாது. ஏறும் ஒவ்வொரு மீற்றரையும் சமதரையில் 8 மீற்றர் என்று கணக்கிடுங்கள். அப்படியானால் அந்த 3 அடி, ஒவ்வொரு ஏற்றத்திலும் 7 மீற்றருக்கு மேல் கூட்டுகிறது. விறகோடும் தண்ணீர் வாளியோடும் என்றால் இன்னும் மோசம்.

இனி, நூல் சொல்லாத விஷயம். வீட்டுக்குள் நடையை அளந்து வரைவதில் பெயர்பெற்றது பிராங்க்பர்ட் குசினி. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர வீடமைப்புக்காக வரைந்தது, 1.9 × 3.4 மீற்றர். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஒருவர் நின்று வேலை செய்ய அருமையான இடம், இரண்டாமவருக்கு இடமில்லை. தலவாக்கலைக் குளிரில் மாலையானால் வீடு முழுக்க அடுப்படியில்தான் குந்தியிருக்கும். பிள்ளை படிப்பதும் அங்கேதான். ஆகவே போக்குக்குக் கோடு கீறுகிற அதே தாளில், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருவர் ஓரிடத்தில் இருந்தால் ஒரு புள்ளி வையுங்கள். அடுப்பைச் சுற்றி மாலையில் நாலைந்து புள்ளி விழுந்தால், குசினியைச் சுருக்கும் பிளானை ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடுகளும் புள்ளிகளும் முரண்பட்டால் புள்ளியின் பக்கம் நில்லுங்கள். கூடுதலாக நாலடி நடக்கலாம், குளிரில் இருக்க இடமில்லாமல் இருக்க முடியாது.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: கைக்கடிகாரம் தினமும் 14,000 அடி என்று காட்டுகிறது. வீட்டுப் பிளானுக்கு இது பயன்படுமா?

பயன்படாது. மொத்த எண்ணிக்கையில் எங்கே, எதற்காக என்பது இல்லை. கொழுந்து மலையில் நடந்ததும் குசினியில் நடந்ததும் ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கும்.

ஹட்டன் பக்கத்திலிருந்து பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர் ஒருவர்: லயத்திலிருந்து பாடசாலைக்குச் சீமெந்துப் படி இருக்கிறது. பிள்ளைகள் அதை விட்டுத் தேயிலை ஊடாகக் குறுக்கு ஏறுகிறார்கள். இரண்டு தடவை முள்வேலி போட்டோம், இரண்டு தடவையும் பிரித்துவிட்டார்கள். குறுக்கு இருக்கும் இடத்திலேயே படி கட்டிவிடலாமா?

கட்டலாம், ஆனால் உடனே அல்ல. குறுக்கு என்பது நூற்றுக்கணக்கான கால்கள் மாதக் கணக்கில் வரைந்த பிளான். வேலியைவிட அதற்குப் பலம் அதிகம். எனினும் அது வறண்ட காலத்தில், கை வீசி நடக்கக்கூடிய, சின்ன வயதுக் கால்கள் வரைந்த பிளான். அதை அப்படியே சீமெந்தில் ஊற்றினால் மற்றவர்களுக்கு உதவாது.

முதலில் எண்ணுங்கள். படியின் அடியிலும் குறுக்கின் அடியிலும் ஆளுக்கொருவர் நின்று, காலை 6 முதல் மாலை 6 வரை ஒவ்வொரு மணித்தியாலத்திலும் 5 நிமிடம் எண்ணி 12ஆல் பெருக்கினால் அந்த மணித்தியாலத்துக்கு ஏறத்தாழக் கணக்கு வரும். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் மட்டும் அரை மணித்தியாலம் முழுதாக எண்ண வேண்டும். அந்தக் கூட்டம் 10 நிமிடத்தில் வந்து போய்விடும், 5 நிமிட மாதிரியில் ஒன்று முழுதாக விழும், அல்லது விழவே விழாது. தாளில் ஏறுபவர், இறங்குபவர், சுமையோடு, வெறுங்கையோடு, பிள்ளை, பெரியவர், வயதானவர் என்று நிரல்கள் போடுங்கள். சாதாரண வேலைநாள், ஞாயிறு, சம்பள நாள் என்று மூன்று நாள் எண்ணி, பின்னர் மழையில் ஒரு நாள். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. பெப்ரவரியில் மட்டும் எண்ணினால் அட்டைக்குப் பயந்து குறுக்கை விடுபவர்களை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். இருட்டிய பின் அரை மணித்தியாலம் நின்று, பகலில் அந்த வழியால் போன பெண்களில் எத்தனை பேர் இப்போது வரவில்லை என்றும் பாருங்கள். வராதவர்களும் கணக்குத்தான்.

அடுத்து நிலம். குறுக்கு ஆழமாகித் தண்ணீர் ஓடும் கானாக மாறியிருந்தால், அல்லது மேலே நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் கலங்கல் ஊற்று எதுவும் தெரிந்தால், எண்ணிக்கை என்ன சொன்னாலும் அங்கே தோண்டக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இடத்தைக் காட்டாமல் வெட்டுவேலை தொடங்க வேண்டாம்.

இடம் சரியென்றால் உயரத்தை அளவிடுங்கள். உள்ளே தெரியும் 10 மீற்றர் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, பாஸ்மார் மட்டம் பார்ப்பது போலத் துண்டு துண்டாக அளந்தால் போதும். படிக்கு உலகம் முழுக்கப் பழகிய கணக்கு ஒன்றுண்டு: இரண்டு ஏற்றமும் (ஒரு படியின் உயரம்) ஒரு மிதியும் (கால் வைக்கும் தட்டின் அகலம்) கூட்டினால் சுமார் 63 செ.மீ. வர வேண்டும். பிரான்ஸ் நாட்டுக் கட்டடக்கலைஞர் புளொண்டெல் 17ஆம் நூற்றாண்டில் மனிதர் ஓரடி எடுத்து வைக்கும் நீளத்தை வைத்துச் சொன்னது அது. ஏற்றம் 15 செ.மீ. என்றால் மிதி 33. உங்கள் சரிவு 40 மீற்றர் கிடையில் 14.1 மீற்றர் உயர்கிறது என்று வைப்போம்: 94 படி, மிதிகள் மட்டும் 31 மீற்றர். 12 படிக்கு ஒரு தரிப்புத் தளம் என்றால் ஏழு தளம், தளம் 1.2 மீற்றராக 8.4. மொத்தம் சுமார் 39½ மீற்றர், இடத்துக்குள் அடங்கும். சரிவு இதைவிடச் செங்குத்தாக இருந்தால் படியை நேரே ஏற்றாமல் வளைத்துத்தான் ஆக வேண்டும். ஏற்றத்தை 20 செ.மீ.க்குக் கூட்டி இடத்துக்குள் திணிப்பார்கள். பிள்ளைகள் திரும்பக் குறுக்கு ஏறுவதற்கு அநேகமாகக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இப்போதிருக்கும் உங்கள் படியையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

அகலம் 1.5 மீற்றர்: கூடையோடு ஏறுபவரும் எதிரே இறங்குபவரும் உரசாமல் விலக அவ்வளவு வேண்டும். திரும்பும் தளத்தில் மட்டும் தாராளம் காட்டுங்கள். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தூக்குவதும், பாடை தூக்குவதும் அந்த வழியால்தான். 2 மீற்றர் நீளமான ஒன்றை இருபுறமும் ஆட்கள் பிடித்தபடி திருப்ப முடியாவிட்டால், அது வழியே அல்ல. ஒரு வாரம் எண்ணினாலும் இந்தப் போக்கு தாளில் விழாமல் போகலாம், ஆகவே கேட்டு எழுதுங்கள்.

மிதி ஒவ்வொன்றும் முன்னோக்கி 5 மி.மீ. சாய வேண்டும், பக்கத்தில் 30 செ.மீ. கான், மேலே தண்ணீரை முன்கூட்டியே திருப்பும் குறுக்குக் கான். இவை இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே படிக்கட்டு அருவியாகும். மேற்பரப்பைச் சீமெந்துப் பால் பூசி வழுக்க வைக்காமல், ஈரம் இருக்கும்போதே தென்னந் துடைப்பத்தால் குறுக்காகக் கீறிவிடுங்கள்; பாசி பிடித்தாலும் கால் பிடிக்கும். ஏற்றங்களுக்கிடையில் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. கால் முதல் மூன்று படியில் பழகிய உயரத்தை நம்பியே பிறகு எழும்புகிறது.

இன்னொன்று. 1970களில் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வைட் நியூயோர்க் சதுக்கங்களைப் படம்பிடித்துப் பார்த்தபோது, ஆட்கள் நின்று பேசுவது ஒதுக்குப்புறத்தில் அல்ல, நடமாட்டத்தின் நட்டநடுவில் என்று கண்டார். உங்கள் படியிலும் அப்படித்தான் நடக்கும். நிற்பவர்கள் அதிகம் விழுந்த தளத்தின் பக்கத்தில் 45 செ.மீ. உயரத்தில் ஒரு கருங்கல் திண்ணை வைத்தால் வழி அடைபடாது, சுமையும் இறக்கலாம்.

பதுளையிலிருந்து ஒரு கட்டடக்கலை மாணவி: தோட்டத்தில் 20 பேரின் சம்மதத்தோடு போனில் ஜீபிஎஸ் பதிந்தேன். கோடுகள் சிலந்தி வலை மாதிரிக் குழம்புகின்றன, சில வீட்டுக் கூரைக்கு மேலாகப் போகின்றன. உயரக் கணக்கும் நாளுக்கு நாள் மாறுகிறது. எங்கே பிழை?

கருவியில் பிழையில்லை, அதற்குத் தெரியாததைக் கேட்கிறீர்கள். திறந்த வானத்தில் போனின் ஜீபிஎஸ் சுமார் 5 மீற்றருக்குள் சரியாக இருக்கும். மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் தகரக் கூரைக்குக் கீழும் அது பல மடங்காகும். ஒரு காம்பராவே சுமார் 10 × 12 அடி; அதாவது பிழை காம்பராவைவிடப் பெரியது. ஆகவே தோட்ட அளவுக்கு ஜீபிஎஸ், வீட்டு அளவுக்குக் கொப்பியும் பென்சிலும். நடுவில் பாலம் போட முயல வேண்டாம்.

வலை மாதிரி வருவது ஆள் நிற்கும் இடங்களில். அவர் நிற்க, புள்ளி மட்டும் அங்குமிங்கும் அலைகிறது. அதை அழிக்காதீர்கள். 15 மீற்றர் வட்டத்துக்குள் 60 செக்கனுக்கு மேல் இருந்தால் "தரிப்பு" என்று வகுத்து ஒரே புள்ளியாக்கி, நிமிடங்களைப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் தரவிலே பெறுமதி கூடிய பகுதி அதுதான். பதிவை 10 செக்கனுக்கு ஒன்றாக வையுங்கள். செக்கனுக்கொன்று என்றால் நடையைவிடப் பிழையையே அதிகம் பதிவீர்கள், பற்றரியும் நண்பகலில் இறந்துவிடும்.

உயரம்: போனில் அமுக்கமானி இருந்தால் அது ஜீபிஎஸ் உயரத்தைவிட நுட்பமானது, ஆனால் காலநிலையோடு ஆடும். எங்கள் வலயத்தில் காற்றமுக்கம் காலை 10 மணியளவில் உச்சத்துக்குப் போய் மாலை 4 அளவில் இறங்கும்; வித்தியாசம் 2–3 ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தின் அலகு). 1,800 மீற்றர் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் சுமார் 10 மீற்றர், ஆகவே ஆள் அசையாமலே 20–30 மீற்றர் ஏறியதாகக் காட்டும். உயரம் தெரிந்த ஒரே இடத்தில், உதாரணமாக ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வாசற்படியில், தொடங்கி அங்கேயே முடித்து, இடையில் வந்த வித்தியாசத்தை நேரத்துக்கு ஏற்பப் பகிர்ந்து கழித்துவிடுங்கள். அமுக்கத்தைக் கையால் மாற்றுவதானால் கடல் மட்டத்துக்குரிய 8.3 மீற்றரைப் பயன்படுத்த வேண்டாம். 14 மீற்றர் படி 11 மீற்றராகக் குறையும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய நில அளவை வரைபடத்தோடு பொருத்தும்போது கோடு வேறு மாகாணத்தில் போய் விழுந்தால் பதறாதீர்கள். இலங்கை வரைபடங்களின் பழைய ஆள்கூற்றுக் கட்டமான கண்டவளையில் மையப் புள்ளிக்குக் கொடுத்த எண் 200,000, 1999 கட்டத்தில் 500,000. மென்பொருளில் புதியதன் EPSG குறியெண் 5235. தூரம் அளக்கும் முன் எல்லாவற்றையும் அந்த ஒரே கட்டத்துக்கு மாற்றுங்கள்.

முயற்சியைக் கணக்கிட ஸ்கொட்லாந்தின் மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி கைகொடுக்கும்: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். முதற்பதிலில் சொன்ன "ஒரு மீற்றர் ஏற்றத்துக்கு 8 மீற்றர்" இதிலிருந்துதான். அது வெறுங்கையோடு நடப்பவருக்கு. சுமைகாரருக்கு உங்கள் பதிவிலிருந்தே நேரத்தை எடுங்கள்.

அக்கரப்பத்தனையிலிருந்து இளைஞர் மன்றம் ஒன்று: கொழுந்து நிறுக்கும் மடுவம் சிறியது. மழையில் பெண்கள் வெளியே நிற்கிறார்கள். 60 பேர் நிற்க எவ்வளவு பெரிய கூரை வேண்டும்?

கூரைக்கு முன் மணிக்கூட்டைப் பாருங்கள். வரிசையில் உரசாமல் நிற்க ஒருவருக்கு 0.65 சதுர மீற்றர் என்பது 1971 முதல் அமெரிக்கப் பொறியியலாளர் ஜோன் ப்ரூயினின் கணக்கில் வழங்குவது. கொழுந்துப் பையோடு நின்று விலகவும் வேண்டும் என்பதால் 1.2 என்று எடுங்கள். 60 பேருக்கு 72 சதுர மீற்றர், சின்ன வீட்டைவிடப் பெரிய கூரை.

ஆனால் 60 பேரும் ஒரே நேரத்தில் நிற்கிறார்களா? மூன்று நாள், நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நிறுத்து முடித்தார்கள் என்று எழுதுங்கள். 10 நிமிடத்தில் 60 பேர் வந்து, ஒருவரை நிறுக்க 20 செக்கன் ஆனால், அந்த 10 நிமிடத்தில் 30 பேர் முடிந்து 30 பேர் நிற்பார்கள். கடைசி ஆளுக்கு இன்னொரு 10 நிமிடம். கூரை 36 சதுர மீற்றர் போதும். தராசு இரண்டானால் நிமிடத்துக்கு ஆறு பேர் வர ஆறு பேர் போவார்கள், நிற்பவர் சிலரே. ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது இன்னொரு தராசு. கூரை போடும்போது உள்ளே வரும் வாயும் வெளியே போகும் வாயும் வேறு வேறாக இருக்கட்டும். ஒரே வாய் என்றால் நிறுத்து முடித்தவர் வரிசையைப் பிளந்துகொண்டு வெளியேற வேண்டும், அளந்த கணக்கெல்லாம் பிழையாகும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: தரவைக் கொடுத்தால் கணினியே கட்டடத்தின் வடிவத்தைத் தரும் என்கிறார்கள். இது உண்மையா, வெறும் நாகரிகமா?

நடைக்கோடுகளை வளைத்துக் கூரையாக்கிய கட்டடங்கள் படத்தில் அழகாக இருக்கும். கோட்டின் உருவம் கட்டடத்தின் உருவமாவதற்குக் காரணம் எதுவும் இல்லை, அது அலங்காரம். தரவு உதவுவது வேறு இடத்தில்: எது எதற்குப் பக்கத்தில், எந்தக் கதவு எதைப் பார்க்க வேண்டும் என்பதில்.

இதைக் கணக்காகச் செய்து காட்டியவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பில் ஹில்லியரும் ஜூலியன் ஹேன்சனும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எத்தனை வெளிகளைக் கடக்க வேண்டும் என்று எண்ணுவது அவர்கள் வழி. லயத்தை இப்படி எண்ணிப் பாருங்கள்: வாசல் என்ற ஒரே நீள வெளி, அதன்மேல் வரிசையாக இஸ்தோப்புகள், அவற்றின் பின்னே காம்பராக்கள். எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் அந்த ஒரு வாசல்தான். பீலிக்குப் போகிறவர் எல்லா இஸ்தோப்பையும் கடந்துதான் போவார். நெரிசலும் ஒண்டுக் குடித்தனச் சண்டையும் அங்கிருந்துதான் வந்தன. இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பாயியைப் பத்துப் பேர் நலம் விசாரித்ததும் அங்கிருந்துதான். தனி வீடுகளைச் சரிவில் ஆளுக்கொரு படியோடு எழுப்பும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. லயம் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான்கைந்து வீட்டுக்கு ஒரு பொதுப் படி, அந்தப் படியைப் பார்த்தபடி முன்கதவு, தனிமைக்குப் பின்கதவு என்று வரைந்தால் செலவும் குறையும். இதற்குக் கணினி தேவையில்லை, பின்னால் சரிபார்க்க வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி: நடமாட்டத்தைப் பதிவதென்றால் யார் எங்கே போகிறார்கள் என்று நிர்வாகத்துக்கும் தெரிந்துவிடாதா?

தெரியும், கவனமில்லாவிட்டால். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என ஒன்று இருக்கிறது. அதற்காகக் காத்திராமல் நீங்களே செய்யக்கூடியவை உண்டு. பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதுங்கள். ஜீபிஎஸ் கோட்டில் வீட்டைச் சுற்றிய முதல் 100 மீற்றரையும் கடைசி 100 மீற்றரையும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணை வைத்தே ஆளைப் பிடிக்கலாம். ஐந்து பேருக்குக் குறைவாக நடந்த வழியை வரைபடத்தில் காட்டாதீர்கள். நிர்வாகத்துக்குப் போக வேண்டியது கூட்டிய எண்ணிக்கையும் வரைபடமும் மட்டுமே. மூலத் தாள்கள் எண்ணியவர்களிடமே இருந்து, படி கட்டி முடிந்ததும் அடுப்புக்குள் போகட்டும்.